டோட்டல் பிலிரூபின் பக்கத்தில் ‘ஹெச்’: மூன்று ரிப்போர்ட், ஒரு கழிப்பறைக் கணக்கு

#1 லேப்மேசை

தினமும் வருகிற கேள்வி: “டோட்டல் பிலிரூபின் பக்கத்துல ‘ஹெச்’ போட்டிருக்கு, மஞ்சள் காமாலையா?” பிலிரூபின்ங்கறது ரத்தத்துல இருக்கற மஞ்சள் நிறமி, ‘ஹெச்’ன்னா அளவு மேல் எல்லையைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அந்த ஒரு எண்ணை மட்டும் வச்சு யாராலும் பதில் சொல்ல முடியாது. பழகிப் பார்க்க மூணு ரிப்போர்ட் போடறேன். யாருடையதும் இல்லை, இந்த இழைக்காகக் கட்டின எண்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கல்லீரல் செல் சிதைஞ்சா ஏறற நொதிகள்; அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜிஜிடி பித்த ஓட்டம் தடைபட்டா ஏறறவை; ஐஎன்ஆர் ரத்தம் உறையறது தாமதமாகுதான்னு காட்டற எண்.

அ: வயது 24. டோட்டல் 2.3, டைரக்ட் 0.4. எஸ்ஜிஓடி 24, எஸ்ஜிபிடி 22, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 78. ஹீமோகுளோபின் 14.6. கந்த சஷ்டி விரதம் ஆறாம் நாள் காலையில் எடுத்த ரத்தம்.

ஆ: வயது 58. டோட்டல் 9.2, டைரக்ட் 6.8. எஸ்ஜிபிடி 140, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 640, ஜிஜிடி 510. உடம்பெல்லாம் அரிப்பு.

இ: வயது 19. டோட்டல் 7.5, டைரக்ட் 4.6. எஸ்ஜிபிடி 1850, எஸ்ஜிஓடி 1420, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 160, ஐஎன்ஆர் 1.3. ஒரு வாரமா சாப்பாட்டு வாசனையே ஆகலை.

மேல் எல்லைகள்: டோட்டல் 1.2, டைரக்ட் 0.3, எஸ்ஜிபிடி 40, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 120. மூணுலயும் ‘ஹெச்’ இருக்கு. இதுல யார் இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், யார் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போகலாம்?

#2 திண்ணை

அதுக்கு முன்னாடி ஒரு அடிப்படைச் சந்தேகம் சார். வீட்ல “பித்தம் கூடிப்போச்சு”ன்னு சொல்றதும் பிலிரூபின் கூடறதும் ஒண்ணா? ரெண்டுக்கும் எலுமிச்சம்பழம்தான் கொடுக்கறாங்க.

#3 ஈரலகம்

ஒன்றில்லை. சொல் ஒன்று, பொருள் மூன்று. சித்த மருத்துவம் சொல்லும் வாத, பித்த, கபத்தில் வருவது ஒரு பித்தம். ‘வெறும் வயிற்றில் காப்பி குடிச்சேன், பித்தம் தலைக்கேறிடுச்சு’ என்று வீட்டில் சொல்வது குமட்டலையும் கிறுகிறுப்பையும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி இரைப்பை அமிலம். மூன்றாவது, பித்தநீர். கல்லீரல் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரந்து குடலுக்கு அனுப்பும் திரவம். பிலிரூபின் இந்த மூன்றாவதில் கலந்து வெளியே போகிற கழிவு நிறமி. கொழுப்பைச் செரிக்க உதவுபவை பித்த உப்புகள்; பிலிரூபின் எதையும் செரிக்க வைப்பதில்லை. இரண்டும் ஒரே குழாயில் போகின்றன, அவ்வளவுதான் உறவு. குழாய் அடைத்தால் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

பிலிரூபினின் பயணத்தைத் தெரிந்துகொண்டால் ரிப்போர்ட் தானாகப் புரியும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடானவற்றை மண்ணீரல் முதலான இடங்களில் உள்ள செல்கள் விழுங்கி, ஹீமோகுளோபினில் உள்ள ஹீமை உடைக்கின்றன. முதலில் வருவது பச்சை நிற பிலிவெர்டின், அடுத்தது மஞ்சள் பிலிரூபின். அடிபட்ட இடம் கன்றிக் கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைவது இதே வேதிவினைதான், தோலுக்கு அடியில் நடக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 முதல் 350 மில்லிகிராம் பிலிரூபின் உற்பத்தியாகிறது.

இது தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தில் ஏறிக் கல்லீரல் வரை வருகிறது. அங்கே யுஜிடி1ஏ1 என்ற நொதி இதோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டவைத்துக் கரையும்படி ஆக்குகிறது. பிறகு பித்த நுண்குழாய்க்குள் தள்ளப்படுகிறது. ஒட்டுவதற்கு முன் இருப்பது இன்டைரக்ட், ஒட்டிய பின் டைரக்ட்.

குடலுக்கு வந்த பிறகு வேலை பாக்டீரியாவுடையது. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ளவை இதை யூரோபிலினோஜனாக மாற்றுகின்றன. அதில் பெரும்பங்கு ஸ்டெர்கோபிலின் ஆகி மலத்துக்குப் பழுப்பு நிறம் தருகிறது. ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். அதில் சிறு அளவு சிறுநீரில் போய் யூரோபிலின் ஆகி மஞ்சள் நிறம் தருகிறது. சிறுநீர் ஏன் மஞ்சள் என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்கிறோம். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியா நொதி, பிலிரூபின் ரிடக்டேஸ், 2024இல்தான் அடையாளம் காணப்பட்டது.

ஆகவே மலம், சிறுநீர் இரண்டின் நிறத்தையும் கேட்காமல் பிலிரூபின் ரிப்போர்ட்டைப் படிப்பது பாதிக் கடிதத்தைப் படிப்பது.

#4 திண்ணை

டைரக்ட், இன்டைரக்ட்னு பேர் எதுக்கு? நேரா வர்றது, சுத்தி வர்றதுன்னா?

#5 லேப்மேசை

நோயோட சம்பந்தம் இல்லை, சோதனைக் குழாயோட சம்பந்தம். டையஸோங்கற நிறச் சோதனைத் திரவத்தை சீரத்துல (ரத்தத்தோட தெளிநீர்ல) விட்டதும் நேரடியா வினை செஞ்சு நிறம் கொடுக்கறது டைரக்ட். கரையாத மீதிக்கு காஃபீன் மாதிரி ஒரு உதவிப்பொருள் சேர்த்தாத்தான் வினை நடக்கும். அதையும் சேர்த்து அளந்தா டோட்டல். மெஷின் அளக்கறது டோட்டலும் டைரக்டும்தான். இன்டைரக்ட்னு அச்சடிச்சு வர்றது வெறும் கழித்தல் கணக்கு.

ரிப்போர்ட் அ: 0.4ஐ 2.3ஆல் வகுத்தா 17 சதவீதம். 20க்குக் கீழே இருந்தா கூடினது இன்டைரக்ட்தான்னு எடுத்துக்கலாம். ஆ 74, இ 61. இதை முதல்ல போட்டுப் பாருங்க.

லேப்ல கெடற இடமும் சொல்லிடறேன். பிலிரூபின் வெளிச்சத்துல சிதையும். நேர் வெயில்ல ஒரு மணி நேரம் இருந்தா அளவு பாதி வரைக்கும்கூட இறங்கிடலாம். ஜன்னலோர ஸ்டாண்டுல மதியம் வரை நின்ன குழாயும், சேகரிப்பு மையத்துலேர்ந்து வண்டியில திறந்த டப்பாவுல வந்ததும் நம்பத் தகுந்ததில்லை. ரத்தம் எடுக்கறப்போ சின்ன ஊசியால இழுத்து செல் உடைஞ்சிருந்தா அதுவும் எண்ணைக் கெடுக்கும். ரிப்போர்ட் அடியில ‘ஹீமோலைஸ்டு’ன்னு எழுதியிருந்தா அந்த எண்ணை வச்சு வாதாட வேண்டாம், மறுபடி எடுத்துடுங்க.

#6 திண்ணை

அப்போ டைரக்ட் கூடினா குழாய் அடைப்பு, இன்டைரக்ட் கூடினா ரத்தம் உடையுது. சரிதானே?

#7 ஈரலகம்

முதல் பாதி தவறு; இந்தத் தவறால்தான் பலர் தேவையில்லாமல் ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். கல்லீரல் செல் வீங்கினாலும் டைரக்ட் கூடும். ஒட்டவைக்கும் வேலை ஓரளவு நடந்துகொண்டே இருக்கும். பித்தக்குழாய்க்குள் தள்ளும் வேலைதான் முதலில் படுக்கும். தள்ளப்படாதது ரத்தத்துக்குத் திரும்புகிறது. எனவே ஆ, இ இரண்டிலும் டைரக்ட் கூடியிருப்பதில் வியப்பில்லை. அவற்றைப் பிரிப்பது பிலிரூபின் அல்ல, பக்கத்து எண்கள்.

கணக்கு இப்படி. எஸ்ஜிபிடி அதன் மேல் எல்லையைப் போல எத்தனை மடங்கு, அல்கலைன் பாஸ்பட்டேஸ் அதன் எல்லையைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 5க்கு மேல் வந்தால் கல்லீரல் செல் பக்கம், 2க்குக் கீழே என்றால் பித்த ஓட்டத் தடை, நடுவில் என்றால் கலப்பு. ஆ: 3.5ஐ 5.3ஆல் வகுத்தால் 0.7. இ: 46ஐ 1.3ஆல் வகுத்தால் 35. இனி சந்தேகம் உண்டா?

இன்டைரக்ட் விஷயத்திலும் ரத்தம் உடைவது ஒரு காரணம் மட்டுமே. ரிப்போர்ட் அ பெரும்பாலும் கில்பர்ட் என்ற பிறவி நிலை. யுஜிடி1ஏ1 மரபணுவின் முகப்பில் ‘டிஏ’ என்ற எழுத்துச் சோடி 6 முறை வர வேண்டிய இடத்தில் 7 முறை வருகிறது. இரு பிரதியிலும் அப்படி இருந்தால் நொதி சுமார் 30 சதவீத வேகத்தில்தான் ஓடும். நூற்றில் 3 முதல் 10 பேருக்கு இருக்கிறது. நோய் என்று சொல்லவே தயங்க வேண்டியது. பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றில் ஏறும், தானாக இறங்கும். ஓரிரு நாள் பட்டினியில் இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். சஷ்டி ஆறாம் நாள் ரத்தம் எடுத்தால் 2.3 வராமல் என்ன செய்யும்? மாஸ்டர் செக்கப்புக்கு முந்தின ராத்திரி டிபனையும் விட்டுவிட்டுப் பதினாறு மணி நேர வெறும் வயிற்றோடு வருகிறவர்களும் இதே வகை.

வழக்கமாகச் சாப்பிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்பது போதும். 3ஐத் தாண்டுவது அரிது. 4, 5 என்று போனால் கில்பர்ட் என்று சொல்லி முடிக்காதீர்கள்.

#8 ரத்தத்துளி

மறுபடி பார்ப்பது மட்டும் போதாது, மன்னிக்கவும். ஹீமோகுளோபின் 14.6 இருப்பதால் ரத்தம் உடையவில்லை என்று சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜை ஈடுகட்டும் வரை ஹீமோகுளோபின் இறங்காது. ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, ரத்தம் உடைந்தால் ஏறும் எல்டிஹெச், இறங்கும் ஹாப்டோகுளோபின், அணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் நான்கையும் ஒரே தடவை பார்த்துவிட வேண்டும். ரெட்டிகுலோசைட் 2.5 சதவீதத்துக்கு மேல், ஹாப்டோகுளோபின் தரைமட்டம், எல்டிஹெச் உயர்வு என்றால் அது கில்பர்ட் மட்டும் இல்லை. ஸ்மியரில் நடு வெளுப்பில்லாத உருண்டை அணுக்கள் தெரிந்தால் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் பற்றி யோசிக்க வேண்டும். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வருடக்கணக்காக ரத்தம் உடைபவர்களுக்குப் பித்தப்பையில் கறுப்பு நிறமிக் கல் சேரும். 15 வயதுப் பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் என்றால் கல்லைப் பற்றிப் பேசும் முன் ரத்தத்தைப் பாருங்கள். குடல் பக்கத்திலிருந்தும் இந்தக் கல் வரும். குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் பித்த உப்பு அங்கே உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அது அங்குள்ள பிலிரூபினைக் கரைத்து மறுபடி உறிஞ்ச வைக்கிறது. பித்தநீரில் நிறமி கூடுகிறது.

#9 ஈரலகம்

ஏற்கிறேன். நான்கையும் முதல் தடவையே பார்த்துவிடலாம். ஒரு முறை போதும், மாதாமாதம் வேண்டாம்.

#10 மாத்திரைப்பெட்டி

கில்பர்ட்டுக்கு மருந்து வேண்டாம்னாலும் மருந்துச் சீட்டுல எழுதி வச்சுக்கறது நல்லது. பெருங்குடல் புற்றுக்குக் கொடுக்கற இரினோடெகான் மருந்து உடம்புக்குள்ள மாறி வேலை செய்யற வடிவத்தை வெளியேத்தறதும் இதே யுஜிடி1ஏ1தான். நொதி மந்தமா இருக்கறவங்களுக்கு வெள்ளணு சரிவும் கடுமையான வயித்துப்போக்கும் வர்ற ஆபத்து அதிகம். அதனாலதான் சில இடங்கள்ல மரபணு பார்த்துட்டு டோஸ் குறைக்கறாங்க. ஹெச்ஐவிக்கான அடாசனாவிர் இந்த நொதியையே தடுக்கும். கண் மஞ்சளாகும், கல்லீரல் நல்லாவே இருக்கும்.

காசநோய் மாத்திரை சாப்பிடறவங்க ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் சிறுநீர், வேர்வை, கண்ணீர் எல்லாத்தையும் ஆரஞ்சாக்கும், மாத்திரையோட நிறம் அது. முதல் ரெண்டு வாரத்துல பிலிரூபினைக் கொஞ்சம் ஏத்தவும் செய்யும். ஆனா எஸ்ஜிபிடி மேல் எல்லையைப் போல 3 மடங்கு தாண்டி, கூடவே குமட்டல், வாந்தி, கண் மஞ்சள் இருந்தா, இல்லேன்னா அறிகுறியே இல்லாம 5 மடங்கு தாண்டினா, மாத்திரையை நிறுத்தி அன்னிக்கே சிகிச்சை மையத்துக்குப் போகணும். ‘சூட்டு மாத்திரை, அப்படித்தான் இருக்கும்’னு தொடரவே கூடாது.

#11 ஈரலகம்

இப்போது ஆ. இவரிடம் முதல் கேள்வி: மலம் என்ன நிறம்?

பித்தநாளம் முழுதாக அடைத்தால் நிறமி குடலுக்குப் போகாது. சில நாளில் மலம் சுவரில் அடிக்கும் சுண்ணாம்புக் குழம்பு போல வெளுக்கும். பித்த உப்பும் போகாததால் கொழுப்பு செரிக்காமல் எண்ணெய் மினுமினுப்போடு மிதக்கும், நாறும், தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டும். சிறுநீர் காப்பி டிகாஷன் நிறம். டைரக்ட் மட்டுமே தண்ணீரில் கரையும் என்பதால் அதுதான் சிறுநீரகத்தைத் தாண்டும். ரிப்போர்ட் அ மாதிரி இன்டைரக்ட் கூடியவருக்கு எவ்வளவு ஏறினாலும் சிறுநீரில் பிலிரூபின் வராது. மலிவான சிறுநீர்க் குச்சி சோதனையிலேயே இது தெரிந்துவிடும்.

அடுத்து அல்ட்ராசவுண்ட், ஆறு முதல் எட்டு மணி நேர வெறும் வயிற்றில். சாப்பிட்டு வந்தால் பித்தப்பை சுருங்கிப் போயிருக்கும், குடல் காற்று மறைக்கும். ரிப்போர்ட்டில் ‘சிபிடி’ என்ற எண்ணைத் தேடுங்கள், அது பொதுப் பித்தநாளத்தின் அகலம். 6 மில்லிமீட்டர் வரை சாதாரணம். வயதானால் ஓரிரு மில்லிமீட்டர் கூடும். பித்தப்பை எடுத்தவர்களுக்கு 10 வரை ஏற்கலாம். ‘கல் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் ‘கல் இல்லை’ என்று பொருளில்லை. நாளத்தின் கீழ்முனை முன்சிறுகுடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது; அங்குள்ள காற்றைத் தாண்டி அலை போகாது. நாளம் 11 மில்லிமீட்டர், கல் தெரியவில்லை என்றால் அடுத்தது எம்ஆர்சிபி. அது எம்ஆர்ஐ கருவியில் பித்தநாளத்தைப் படம் எடுப்பது மட்டும். இஆர்சிபி என்பது வாய் வழியே குழாய்க் கருவியோடு போய்க் கல்லை எடுப்பது, நாளத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழல் வைப்பது. கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. ஆகையால் வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்கு இஆர்சிபி செய்யச் சொல்ல மாட்டார்கள்.

வலியே இல்லாமல் மஞ்சள் ஏறுகிறது, எடை இறங்குகிறது, வலது விலாவுக்குக் கீழே பித்தப்பை வலியில்லாத உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் கல்லாக இருக்கும் வாய்ப்பு குறைவு. கணையத் தலையிலோ நாள முனையிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘வலி இல்லையே, பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளுவது இந்த இடத்தில்தான் உயிருக்கு உலை.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல் வயிற்று வலி, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத்தில் சீழ். அன்று இரவே ஆஸ்பத்திரி. குழப்பமான பேச்சும் ரத்த அழுத்தச் சரிவும் சேர்ந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

#12 மாத்திரைப்பெட்டி

கூடவே ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லுங்க. ஆ ரிப்போர்ட்ல அது இல்லவே இல்லை. பித்த உப்பு இல்லாம வைட்டமின் கே உறிஞ்சாது, ரத்தம் உறையறது தாமதமாகும். வைட்டமின் கே 10 மில்லிகிராம் ஊசி போட்டு ஒரு நாள் கழிச்சுப் பார்த்தா, அடைப்பு மட்டும்னா ஐஎன்ஆர் இறங்கிடும். இறங்கலைன்னா கல்லீரலே உறைபொருள் செய்யலைன்னு அர்த்தம். ஒரே ஊசி, சிகிச்சையும் ஆச்சு, சோதனையும் ஆச்சு.

அரிப்புக்குக் கொலஸ்டைரமின் பொடி, 4 கிராம் பொட்டலம். அது குடலுக்குள்ள பித்த உப்பைப் பிடிச்சு மலத்தோட கொண்டுபோகும். மத்த மாத்திரையையும் பிடிச்சுக்கும். அதனால மத்த மருந்தை ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லேன்னா நாலு முதல் ஆறு மணி நேரம் பின்னாடி. பெரும்பாலும் தப்பாகறது இங்கதான். தைராய்டு மாத்திரையையும் இதையும் ஒரே டம்ளர் தண்ணியில முழுங்கறாங்க. நாளம் முழு அடைப்புன்னா இந்தப் பொடியால பிரயோஜனமும் இல்லை. பிடிக்கறதுக்குக் குடல்ல பித்த உப்பே இருக்காது.

#13 திண்ணை

ஸ்டென்ட் வச்சு ரெண்டு வாரம் ஆகியும் கண் மஞ்சளா இருந்தா? சிறுநீர் தெளிஞ்சிடுச்சு, மலமும் பழுப்பாயிடுச்சு, ஆனா டைரக்ட் இன்னும் 2.5ன்னா, ஸ்டென்ட் அடைச்சிருக்குமா?

#14 லேப்மேசை

சிறுநீர் தெளிஞ்சதும் மலம் பழுத்ததுமே பதில். நாள்பட டைரக்ட் உயர்ந்திருந்தா அதுல ஒரு பகுதி அல்புமினோட நிரந்தரமா ஒட்டிக்கும், டெல்டா பிலிரூபின்னு பேர். அல்புமினோட அரை ஆயுள் ரெண்டரை, மூணு வாரம். அது கழியற வேகத்துலதான் இதுவும் கழியும். டையஸோ முறையில இதுவும் டைரக்ட் கணக்குலயே வரும், ஆனா சிறுநீர்ல இறங்காது. எண் மெதுவா இறங்கிட்டே இருந்தா பயமில்லை. மறுபடி டிகாஷன் நிறம் வந்தாலோ, நடுக்கக் காய்ச்சல் வந்தாலோ ஸ்டென்ட்டைப் பார்க்கணும்.

#15 ஈரலகம்

இ சுலபம்: கடுமையான கல்லீரல் அழற்சி. நம் ஊரில் 19 வயதில் முதலில் பார்க்க வேண்டியவை தண்ணீர், உணவு வழி வரும் ஹெபடைடிஸ் ஏ, இ. ரத்தத்தில் இரண்டுக்கும் ஐஜிஎம், அதாவது புதுத் தொற்றைக் காட்டும் எதிர்ப்புப்பொருள். கூடவே ஹெபடைடிஸ் பி, சி. பாராசிட்டமால் அதிகம் விழுங்கியதா, நாட்டு மருந்து உண்டா என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், பெற்றோர் எதிரில் வேண்டாம்.

இதில் பலரையும் பயமுறுத்துவது, எஸ்ஜிபிடி 1850லிருந்து 600க்கு இறங்கும்போது பிலிரூபின் 7.5லிருந்து 11க்கு ஏறுவது. அது வழக்கமான வரிசைதான். பிலிரூபின் பின்தங்கியே வரும். உண்மையில் பயப்பட வேண்டியது வேறு: எஸ்ஜிபிடி இறங்குகிறது, ஐஎன்ஆர் 1.3லிருந்து 1.8, 2.2 என்று ஏறுகிறது. கல்லீரல் தேறியதால் இறங்கவில்லை, சாக மிச்சம் செல் இல்லாததால் இறங்குகிறது. அதோடு பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் மாற்றுக் கல்லீரல் வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். கர்ப்பிணிக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில், ஹெபடைடிஸ் இ வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

மழைக்காலத்தில் ஒரு விதிவிலக்கு. பிலிரூபின் 15, எஸ்ஜிபிடி வெறும் 110, கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, தட்டணு குறைந்திருக்கிறது, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி, கண் சிவப்பு. இது எலிக்காய்ச்சல். ‘காமாலைக்குப் பத்தியம்’ இருந்தால் சிறுநீரகம் போய்விடும், தேவை ஆன்டிபயாடிக்.

#16 பச்சிலை

கீழாநெல்லியைப் பற்றி யாரும் பேசலையே. எத்தனையோ பேர் குணமாகியிருக்காங்க. ஆராய்ச்சியும் இருக்கு.

#17 ஈரலகம்

இருக்கிறது, ஆனால் எதற்கு என்று பார்க்க வேண்டும். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சென்னை ஆய்வு ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாள் சுமப்பவர்களிடம் செய்தது. கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். எடுத்தவர்கள் 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது மஞ்சளை இறக்குவதற்கான ஆய்வும் இல்லை.

ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கும். இறங்குகிற நேரத்தில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்ததால் ரிப்போர்ட் இ கெட்டுவிடாது. ரிப்போர்ட் ஆ கெட்டுவிடும், நாளத்தில் சிக்கிய கல்லை எந்த இலையும் தள்ளாது. குடித்துக்கொண்டு காத்திருக்கும் மூன்று வாரம்தான் நஷ்டம்.

#18 பச்சிலை

அதை ஒத்துக்கறேன். அடைப்புக் காமாலையை வைத்தியரும் அனுப்பிடணும். வெளுத்த மலம் பார்த்தா நாங்க வச்சுக்கறதில்லை. வயித்துல சூடு போடறது, மந்திரிச்சு சுண்ணாம்புத் தண்ணியில கை கழுவி மஞ்சள் இறக்கறது, இதெல்லாம் வைத்தியத்துல சேர்த்தியே இல்லை. மாம்பட்டைச் சாறு தடவின கை சுண்ணாம்புத் தண்ணி பட்டா மஞ்சளாகும், யாருடைய கையா இருந்தாலும்.

#19 மாத்திரைப்பெட்டி

‘இயற்கை’ன்னு பேர் போட்டா கல்லீரலுக்குத் தெரியாது. கோவிட் சமயத்துல சீந்தில் பொடியைத் தினம் சாப்பிட்டவங்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021ல மும்பை மருத்துவர்கள் பதிவு செஞ்சாங்க. குழம்புல போடற மஞ்சள்தூளால ஒண்ணும் ஆகாது; ஆனா மிளகுச் சத்தோட வர்ற குர்குமின் கேப்சூல் வேற சங்கதி, உறிஞ்சுதல் பல மடங்கு ஆகி சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கு.

#20 சோறும்சாறும்

பத்தியத்துக்கு வரேன். எண்ணெய், உப்பு, மஞ்சள், பருப்பு, முட்டை எல்லாத்தையும் நிறுத்தி, இளநீர், கரும்புச்சாறு, குளுக்கோஸ் தண்ணின்னு மூணு வாரம் ஓட்டறதுதான் வழக்கம். மஞ்சள் நிறச் சாப்பாட்டால கண் மஞ்சளாகாது. பப்பாளி, கேரட் அதிகமானா உள்ளங்கை மஞ்சளாகும், வெள்ளைவிழி ஆகாது. அந்த ஒரு வித்தியாசத்தை வச்சே பிரிச்சிடலாம்.

ரிப்போர்ட் இ மாதிரி ஆளுக்குக் குமட்டல் சாயங்காலம் கூடும், காலையில குறைவு. அதனால நாளோட பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாத்துங்க: நாலு இட்லி, பாசிப்பருப்பு சாம்பார், ஒரு முட்டை. அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. ராத்திரி கஞ்சி போதும். எண்ணெயை அறவே நிறுத்தத் தேவையில்லை, பொரியலுக்குத் தாளிக்கற அளவு இருக்கட்டும். பிடிக்காம குமட்டினா குறைங்க. தெருவோரக் கரும்புச்சாறு குடிக்கற காரணமே காமாலைன்னா, அதுல போடற ஐஸ்தான் காமாலைக்குக் காரணமாவும் இருக்கலாம்.

ரிப்போர்ட் ஆ வேற. குடல்ல பித்த உப்பே இல்லை, அடைப்பு நீங்கற வரை நெய், வறுவல் எதுவும் செரிக்காது. அங்க கொழுப்பைக் குறைக்கறது நியாயம்.

கல்லீரல் சுருக்கம் இருக்கறவங்களுக்குப் புரதத்தை நிறுத்தறது பெரிய தப்பு. எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேணும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். முட்டை ஒண்ணுல 6 கிராம்தான். படுக்கப் போறதுக்கு முன்னாடி பாலும் ரெண்டு இட்லியும் சாப்பிட்டா ராத்திரி முழுக்க தசையைக் கரைச்சு எரிக்கறது குறையும்.

ரிப்போர்ட் அ ஆளுக்கு என்ன டயட்னு கேட்டு வராங்க. மூணு வேளை சாப்பாடு. அவ்வளவுதான்.

#21 தொட்டில்

பச்சைக் குழந்தைக்கு மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது, ஒட்டிப் பார்க்காதீர்கள். பிறந்த குழந்தையின் சிவப்பணு 80, 90 நாள்தான் வாழும். யுஜிடி1ஏ1 பெரியவர்களில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு வேலைதான் செய்யும். குடலில் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. கல்லீரல் கஷ்டப்பட்டு ஒட்டவைத்து அனுப்பியதைக் குடலில் உள்ள நொதி மறுபடி பிரித்துவிடும், அது ரத்தத்துக்கே திரும்பும். கறுப்பு முதல் மலம் உள்ளே தங்கத் தங்க இந்தச் சுழற்சி கூடும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான்: பால் போனால் குடல் நகரும், மலத்தோடு பிலிரூபின் போகும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பால் குறையும், மஞ்சள் கூடும்.

முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் இயல்பான மஞ்சள் இல்லை. உள்ளங்கால் வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காலை வெயிலில் காட்டுவதை ஒளிச்சிகிச்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனை விளக்கு 460 முதல் 490 நானோமீட்டர் நீல ஒளியை உடம்பு முழுவதும் மணிக்கணக்கில் அளந்து தருவது. வெயிலில் அந்த அளவும் வராது, குழந்தைக்குச் சூடும் குளிரும் மாறி மாறி ஏறும்.

14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் டைரக்ட் கட்டாயம் பாருங்கள். 1க்கு மேல் இருந்து, மலம் வெளுத்திருந்தால் பித்தநாளம் உருவாகாமல் போயிருக்கலாம். குடலைக் கல்லீரலோடு நேரே இணைக்கும் ‘கசாய்’ அறுவையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். ‘தாய்ப்பால் மஞ்சள், தானாப் போயிடும்’ என்று மூன்றாம் மாதத்தில் வரும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு நழுவியிருக்கும். தாய்ப்பால் மஞ்சளில் மலம் கடுகு நிறம், ஒருபோதும் வெளுக்காது.

#22 லேப்மேசை

வெளுப்புன்னு எதைச் சொல்றோம்னு எல்லாரும் ஒண்ணாப் புரிஞ்சுக்கணும். ஒரு தடவை வெளிறினதை வச்சு முடிவு பண்ணாதீங்க, தொடர்ந்து மூணு தடவை பாருங்க. பேரியம் குடிச்சு எக்ஸ்ரே எடுத்திருந்தா ரெண்டு நாள் வெள்ளையாப் போகும். இரும்பு மாத்திரை கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். கண்ணைப் பார்க்கறதும் பகல் வெளிச்சத்துல, வாசல்ல நின்னு, மேல் இமையைத் தூக்கி, கீழே பார்க்கச் சொல்லி. டியூப்லைட்ல 3 வரைக்கும் இருக்கறதே தெரியாது. வெயில்ல அலையறவங்களுக்கு விழியோரம் பழுப்புத் திட்டா இருக்கும். அது மஞ்சள் இல்லை, இமைக்குள்ள மறையற பகுதி வெள்ளையா இருக்கும்.

#23 திண்ணை

கடைசியா ஒண்ணு. சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தர் அனுப்பின ரிப்போர்ட்ல பிலிரூபின் 38ன்னு இருக்கு. 38ஆ? ஆள் ஆபீஸ்ல உட்கார்ந்து டைப் அடிச்சிட்டிருக்கார்.

#24 லேப்மேசை

அலகைப் பாருங்க, அது மைக்ரோமோல். 17.1ஆல் வகுத்தா நம்ம ஊர் மில்லிகிராம் கணக்கு: 2.2. டைரக்ட் எவ்வளவுன்னு ரெண்டாம் பக்கத்துல இருக்கும், அதையும் போடுங்க. ரத்தம் எடுத்த அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டார்னும் கேட்டுச் சொல்லுங்க.